இரவுப்படி

நட்சுவோ கிரினோவின் 'அவுட்' ஒரு கொலை நாவல். ஆனால் பிணம் விழுவதற்கு முன்னால் ஒரு நைட் ஷிஃப்ட்டை முழுசாகக் காட்டிவிடுகிறார். ஜூலை மாதப் புழுக்கம். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு மசாகோ என்கிற நாற்பதைத் தாண்டிய பெண் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறாள். காற்றில் எண்ணெயில் பொரித்த பண்டங்களின் வாடை. பக்கத்தில் பெந்தோ தொழிற்சாலை. பெந்தோ என்றால் டப்பாவில் அடைத்த சாப்பாடு. விடிந்ததும் நகரத்துக் கடைகளின் அலமாரிக்குப் போய்ச் சேர வேண்டியது. கார் நிறுத்துமிடத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆளில்லாத ஒரு சாலை. அங்கே எவனோ ஒருவன் பெண்களைப் பிடித்து இழுக்கிறான் என்று பேச்சு. அதனால் பெண்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சேர்ந்து நடக்கிறார்கள்.

குற்ற நாவல் வாசிக்க உட்கார்ந்த நான் இந்தச் சேர்ந்து நடப்பதிலேயே மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன்.

நாவலை நான் வாசித்தது டோக்கியோவில், நிஷி-கசாயில். அங்கே தடுக்கி விழுந்தால் இந்திய மென்பொருள் ஆள் மேல்தான் விழ வேண்டும். ஆன்சைட் வேலைக்காக வந்த எனக்கு அலுவலகத்துத் தோழி ஒருத்தி ஸ்டீஃபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தாள். "டோக்கியோவோட நைட்லைஃப் பத்தின புக்" என்றாள். அவள் மனதில் இருந்தது கபுகிச்சோ: நியான் விளக்கு, ஹோஸ்டஸ் கிளப், சூதாட்ட அறை. அது எல்லாமே நாவலில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல். சென்னையில் ஐந்து வருடம் மாலை ஐந்தரைக்கு உள்ளே போய் இரவு இரண்டரைக்கு வெளியே வந்தவள் நான். எனக்கு 'இரவு வாழ்க்கை' என்றால் ஏசி குளிரில் மரத்துப்போன விரல், வெண்டிங் மெஷின் காபி, கேப் எண் சொல்லும் குறுஞ்செய்தி. இந்த இரண்டு இரவுகளுக்கும் என்ன சம்பந்தம்? 'அவுட்' கேட்கும் கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். பதிலையும் அது சொல்கிறது, ரூபாய் பைசா கணக்கோடு.

*

கிரினோ 1951-இல் கனசவாவில் பிறந்தவர். சட்டம் படித்தவர். காதல் கதைகள் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்து, பிறகு குற்றக்கதைக்கு வந்து, 1993-இல் எடோகாவா ராம்போ பரிசு பெற்றார். 'அவுட்' வந்தது 1997-இல். அடுத்த ஆண்டே ஜப்பான் மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் வந்தபின் 2004-இல் அமெரிக்காவின் எட்கர் விருதுக்கும் பரிந்துரையானது.

கதை இதுதான். தொழிற்சாலையில் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்தரை வரை வேலை பார்க்கும் நான்கு பெண்கள். அதில் யாயோய் என்பவள் ஒருநாள் தன் கணவன் கெஞ்சியை பெல்ட்டால் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிடுகிறாள். யாரைக் கூப்பிடுவது? அவள் மசாகோவைக் கூப்பிடுகிறாள். மசாகோ உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். யோஷியே என்கிற மூத்தவளைத் துணைக்கு அழைக்கிறாள். கடன் கேட்டு வந்து நிற்கிற குனிகோவும் இதில் சேர்ந்துவிடுகிறாள். குளியலறையில் வைத்து உடலைத் துண்டு துண்டாக்கிப் பைகளில் கட்டுகிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பக்கங்களைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் என்னை உலுக்கியது ரத்தம் இல்லை. கொஞ்சம் முன்னால்தான் கிரினோ நமக்குத் தொழிற்சாலையைக் காட்டியிருக்கிறார். முழங்கை வரை தேய்த்துக் கழுவுவது, விரலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று சோதிப்பது, உடையில் ஒட்டிய முடியை உருளையால் எடுப்பது, பிறகு கன்வேயர் பெல்ட். ஒருத்தி சோறு வைப்பாள், ஒருத்தி அதைத் தட்டிச் சமப்படுத்துவாள், ஒருத்தி குழம்பு ஊற்றுவாள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது யோஷியே. கழிப்பறைக்குப் போவதென்றாலும் மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். இதே கைகள், இதே வேலைப்பிரிவினை, இதே ஒழுங்கு குளியலறைக்கு வரும்போது நமக்குப் புரிகிறது: இவர்களுக்குக் குற்றம் செய்யத் தெரியாது, வேலை செய்யத் தெரியும். குற்றத்தையும் ஒரு ஷிஃப்ட் மாதிரி செய்து முடிக்கிறார்கள். கூலியும் பேசிக்கொள்கிறார்கள்.

தொழிற்சாலை இருக்கும் முசாஷிமுராயாமா டோக்கியோ மாநகரின் மேற்கு ஓரம். ரயில் என்றால் டோக்கியோ என்கிறோம். அந்த டோக்கியோவுக்குள்ளேயே ரயில் நிலையம் இல்லாத நகரம் அது. அதனால்தான் இந்தப் பெண்கள் காரிலோ சைக்கிளிலோ வருகிறார்கள், அதனால்தான் அந்த இருட்டுச் சாலை. நாவலில் உள்ள பல விஷயங்கள் இப்படித்தான். கதைக்காகச் செய்யப்பட்டவை போலத் தெரியும். தோண்டினால் ஊரின் அமைப்பிலும் சட்டத்தின் வரியிலும் போய் நிற்கும்.

சட்டம் என்றதும் ஒன்று. ஜப்பானின் தொழிலாளர் சட்டம் பெண்களின் இரவு வேலைக்கு நெடுங்காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. அது நீங்கியது 1999 ஏப்ரலில்தான். அப்படியானால் 1997-இன் நாவலில் இந்தப் பெண்கள் எப்படி இரவில் வேலை செய்தார்கள்? 1985-இல் கொண்டுவந்த திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: சீக்கிரம் கெட்டுப்போகும் உணவைத் தயாரிக்கும் வேலை, அதுவும் வழக்கமான வேலை நாளைவிடக் கணிசமாகக் குறைந்த நேரத்துக்கு என்றால் பெண்களை வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு முதல் ஐந்தரை. குறைந்த நேரம், கெட்டுப்போகும் உணவு, பகுதி நேரக் கூலி. யாயோயும் மசாகோவும் நிற்பது அந்த விதிவிலக்குக்குள்தான். இரவு பத்து மணிக்கு மேல் வேலை என்றால் கூலியில் 25 சதவீதம் கூடுதல் தர வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அந்த இருபத்தைந்துக்காகத்தான் அவர்கள் தூக்கத்தை விற்கிறார்கள்.

நம் ஊரிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு ஏழு முதல் காலை ஆறு வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. ராத்திரியில் பெண் வெளியே இருக்கலாமா என்று சட்டம் முடிவு செய்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கதவு திறந்த பிறகு அந்தப் பெண் சம்பாதிக்கிற இரவுப்படி யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்ப்பில் தேட முடியாது. அதற்கு நாவல் வேண்டியிருக்கிறது.

*

யாயோய் ஏன் கொன்றாள்? கெஞ்சி அவளை வயிற்றில் அடித்தான். அது ஒரு காரணம். அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இருவரும் சேர்த்து வைத்திருந்த ஐம்பது லட்சம் யென்னை அவன் காலி செய்துவிட்டான். எங்கே? கபுகிச்சோவில். சாடாகே என்பவன் நடத்தும் கிளப்பில் ஷாங்காயிலிருந்து வந்த அன்னா என்கிற பெண்ணின் பின்னால் அலைந்து, அதே சாடாகேயின் பக்காரா மேசையில் மிச்சத்தையும் தோற்றான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பால்கனியில் நின்றேன். மனைவி விடிய விடியச் சோற்றைத் தட்டிச் சம்பாதித்த காசு, கணவன் வழியாக, நகரின் இன்னொரு மூலையில் விளக்கு எரிக்கிறது. இரண்டு இரவுகளுக்கும் இதுதான் சம்பந்தம். ஒன்றின் கூலி இன்னொன்றின் கல்லாவில் விழுகிறது. கபுகிச்சோவைக் கவர்ச்சியான பாவ உலகமாகக் காட்டும் கதைகள் எத்தனையோ உண்டு. அந்த விளக்குக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்று இவ்வளவு துல்லியமாகக் கேட்ட கதை நான் வாசித்ததில் இது ஒன்றுதான்.

கபுகிச்சோ என்ற பெயரே ஒரு நிறைவேறாத கடன்பத்திரம் மாதிரி. போரில் குண்டு விழுந்து எரிந்த இடத்தில் கபுகி நாடக அரங்கம் கட்டப்போகிறோம் என்று சொல்லி 1948-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். அரங்கம் வரவே இல்லை, பெயர் தங்கிவிட்டது. அங்கே இன்றும் ஓடுவது கடன்தான். ஹோஸ்ட் கிளப்புகளில் வரும் இளம்பெண்களிடம் காதல் வார்த்தை பேசி, கணக்கில் எழுதிக் குடிக்க வைத்து, கடனை அடைக்க உடலை விற்கும் நிலைக்குத் தள்ளுகிறார்கள் என்று பல வருடப் புகார். 2025-இல் அதைத் தடுக்கவே சட்டத்தைத் திருத்தினார்கள். கெஞ்சியின் இடத்தில் இப்போது இருபது வயதுப் பெண்கள். மேசை அதே மேசை.

*

சென்னை கேபில் நாங்கள் பெண்கள் நான்கு பேர். கேபில் யாருக்கும் பெயர் கிடையாது, இறங்குமிடம்தான் பெயர். மேடவாக்கம் அக்கா, பள்ளிக்கரணை, வேளச்சேரி, கடைசியாக நான், ஆதம்பாக்கம். 2005-இல் பெங்களூரில் கால் சென்டர் ஊழியர் ஒருவரை கேப் ஓட்டுநரே வன்கொடுமை செய்து கொன்ற வழக்குக்குப் பிறகு, கடைசியாக இறங்கும் பெண்ணோடு காவலாளி வர வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அதனால் முன் சீட்டில் ஒரு வயதான செக்யூரிட்டி அண்ணன் தூங்கிக்கொண்டே வருவார். நான் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை டிரைவர் அண்ணா ஹெட்லைட்டை அணைக்க மாட்டார். பகலில் நாங்கள் நால்வரும் ஒரு டீ குடித்தது கிடையாது. வேறு வேறு டீம், வேறு வேறு மாடி.

2022-இல் ஒரு ராத்திரி, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டும்போது மூன்று போன்களில் ஒரே நேரத்தில் ஒரே வாட்ஸாப் செய்தி வந்தது. வேளச்சேரியின் முகம், யாரோ ஒருத்தியின் உடம்போடு ஒட்டியது. கீழே 'இவள் திருடி, கடன் வாங்கி ஏமாற்றியவள்' என்று. கடன் செயலிக்காரர்களின் வேலை. போனில் உள்ள எல்லா எண்களையும் உருவி எடுத்துக்கொண்டு இப்படித்தான் அனுப்புவார்கள். அந்த ஆண்டுதான் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை கொண்டுவந்தது. அதற்குள் எத்தனையோ பேருக்குப் படம் போய்விட்டது.

கேபில் யாரும் பேசவில்லை. வேளச்சேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடவாக்கம் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எவ்ளோடி பாக்கி?"

"எழுபத்தெட்டாயிரம்க்கா."

"வட்டி சேத்தா?"

"ம்."

"எதுக்கு வாங்கின?"

"ரம்மி. நான் இல்ல. அவரு."

அவ்வளவுதான் விசாரணை. அவள் கணவன் ஆன்லைன் ரம்மியில் விட்டது அவளுடைய சம்பளம், மாதம் மாதம் தனியாக வரும் ஷிஃப்ட் அலவன்ஸ் உட்பட. ராத்திரி அவள் கணினியின் முன் கண் விழித்திருந்த நேரத்தில் அவன் போனின் முன் கண் விழித்திருந்திருக்கிறான். அதே ஆண்டு தமிழ்நாடு தடைச்சட்டம் இயற்றியது; 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது; 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே மத்தியச் சட்டம் தடை செய்தது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது நாங்கள் துரைப்பாக்கம் பக்கம்கூடப் போகாமல் மேடவாக்கம் சாலையில் கணக்குப் போட்டோம். அக்கா முப்பது, பள்ளிக்கரணை இருபது, நான் இருபத்தெட்டு. அக்காவின் நிபந்தனை இரண்டு: நாளைக்கே 1930-க்கு போன் போட்டு சைபர் கிரைமில் புகார் கொடுக்கணும், சம்பளத்துக்கு அவள் பெயரில் மட்டும் புதுக் கணக்குத் திறக்கணும். இரண்டையும் செய்தாள். மாதம் ஆறாயிரமாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசித் தவணை வந்த சில வாரத்தில் ப்ராஜெக்ட் கலைந்து ரூட்டும் மாறியது. அதற்குப் பிறகு வேளச்சேரி எங்கள் யாரோடும் பேசவில்லை. எங்களுக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த மூன்று பேரின் முகத்தை யார்தான் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்புவார்கள்?

பணம் கொடுத்த அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன். "அவ யாருன்னே தெரியாது நமக்கு. எந்த தைரியத்துல முப்பதாயிரம் குடுத்தீங்க?"

"ஒரே கேப்ல வர்றோம்ல" என்றார்.

*

மசாகோ ஏன் யாயோய்க்கு உதவினாள் என்பது 'அவுட்' வாசித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவளுக்கே அது சரியாகத் தெரியாது. கடன் சங்கம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டதால் ஒதுக்கப்பட்டு வெளியே வந்தவள். வீட்டில் கணவன் தனி அறையில், மகன் வாய் திறப்பதே இல்லை. பெண்களின் பழிவாங்கல் என்று நாவலைக் கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நான்கு பேரும் தோழிகள்கூட இல்லை. யோஷியே படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் விதவை, அவளுக்குப் பணம் வேண்டும். குனிகோ தவணைக் காரிலும் கடன் அட்டையிலும் மூழ்கியவள், அவளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். பைகளை ஒழுங்காக அப்புறப்படுத்தாமல் பூங்காக் குப்பைத்தொட்டியில் போட்டு எல்லோரையும் மாட்டிவிடுபவளும் அவள்தான். ஒரே வறுமை ஒருத்தியை நம்பத்தக்கவளாகவும் இன்னொருத்தியை ஆபத்தானவளாகவும் ஆக்குகிறது. கிரினோ இதில் யாருக்கும் சலுகை காட்டவில்லை.

ஆனால் தோழமை இல்லாத இடத்தில் வேறொன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறதா தெரியவில்லை. ஒரே நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கு இடையே உள்ளது அது. பகலின் உறவுகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஆட்கள் இவர்கள் மட்டும்தான். அதில் பாசம் குறைவு, விலை பேசுவதும் உண்டு, வேலை முடிந்தால் முடிந்தது. மேடவாக்கம் அக்காவின் பதிலை நான் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மசாகோவை வாசித்தபின் அதைவிடச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. அந்த இருட்டுச் சாலையில் மசாகோவைப் பிடித்து இழுப்பவன் கசுவோ, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜப்பானிய வம்சாவளி பிரேசில்காரன். 1990-இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி இப்படிப்பட்டவர்களை ஜப்பான் வரவழைத்தது. அவன் தனிமையைக் கிரினோ அக்கறையோடு எழுதுகிறார். போகப்போக அவன் மன்னிப்புக் கேட்டு மசாகோவின் நம்பிக்கைக்கு உரியவனாக ஆகிறான். எழுத்தாளராக அவர் செய்வது எனக்குப் புரிகிறது: அவனும் இரவில் சிக்கியவன்தான். ஆனால் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாவியைத் தேடிக் கதவைத் திறந்தவள் நான். அந்த வெளிச்சம் இல்லாத ராத்திரிகளும் இருந்தன. இந்த மன்னிப்பை என்னால் அவ்வளவு சீக்கிரம் ஏற்க முடியவில்லை. அதேபோல, தன் தொழில் நாசமானதற்குப் பழிதீர்க்க வரும் சாடாகேவுக்கும் மசாகோவுக்கும் நடுவே கடைசிப் பகுதியில் உருவாகும் ஈர்ப்பு. வன்முறையையும் ஆசையையும் அவ்வளவு நெருக்கமாக வைத்தது எனக்குக் கடைசிவரை உறுத்தியது. சிலர் அதுதான் நாவலின் உச்சம் என்பார்கள். முடிவைச் சொல்லப் போவதில்லை, வாசித்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு உச்சம் குளியலறைதான், அந்த வேலைப்பிரிவினைதான்.

*

போன வருடம் ஒரு ரிலீஸுக்காக மேற்கு ஷின்ஜுகு அலுவலகத்தில் விடிய விடிய இருந்தேன். நாலரைக்கு வேலை முடிந்தது. முதல் ரயிலுக்கு நேரம் இருந்ததால் கபுகிச்சோ வழியாகச் சுற்றிவந்தேன். கட்டடத்தின் மேல் காட்சில்லாவின் தலை. கீழே குப்பைப் பைகளைக் கொத்தும் காக்கைகள். ஒரு ஹோஸ்ட் பையன் சுவரில் சாய்ந்து கண் மூடி நின்றான், காதில் இன்னும் போன். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முனைக் கடையில் நுழைந்தேன். கல்லாவில் நேபாளத்துப் பையன். அப்போதுதான் வண்டி வந்து இறக்கிய பெந்தோக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் பெந்தோ டப்பாவின் மேல் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்பதோடு எந்த மணிவரை என்பதும் அச்சிட்டிருக்கும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சோறு கச்சிதமாகச் சமப்படுத்தியிருந்தது. ஓரத்தில் ஒரு பருக்கைகூட மேலே ஒட்டவில்லை.

காசு கொடுத்து வாங்கிக்கொண்டு முதல் ரயிலில் ஏறினேன். செருப்பைக் கையில் வைத்திருந்த பெண்ணும் அதே பெட்டியில்தான் ஏறினாள். எதிர் வரிசையில் உட்கார்ந்து, பெட்டியைக் காலால் அணைத்துப் பிடித்தபடி தூங்கிப்போனாள். அவள் இறங்கும் நிலையம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது அவள் விழிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.